பதில் வராத ஜெபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் ஜெபத்துக்குக் கூடுகிறோம். மாடிப்படி முடிகிற இடத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கும். வருகிறவர்கள் தங்கள் ஜெப விண்ணப்பத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். மகளுக்கு வரன், மருமகனுக்கு விசா, மூன்றாம் முறையாக எழுதும் தேர்வு, குடியை விடாத கணவர், டயாலிசிஸுக்குப் போய்வரும் மாமியார் என்று தெருவுக்கே தெரிந்த கவலைகள்தான் பெரும்பாலும் வரும். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாள் ஒன்றில் வந்த சீட்டில் மட்டும் விண்ணப்பம் எதுவும் இல்லை. "பதினோரு வருஷமாக ஒரே காரியத்துக்கு ஜெபிக்கிறேன். ஆண்டவர் ஏன் கேட்கவில்லை என்று யாராவது சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். எனக்கும் அப்படி ஒரு காரியம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருந்த முந்திரித் தோப்பை வேரோடு சாய்த்துவிட்டது. மிஞ்சிய நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எழுந்த சண்டையில் என் தம்பி வீட்டை விட்டுப் போனான், இன்றுவரை திரும்பவில்லை. ஆகவே பதிலைப் பெற்றுக்கொண்டவனின் சாட்சியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கும் ஒருவன், இத்தனை ஆண்டுகளில் பயன்பட்டதாகக் கண்டவற்றைச் செய்முறையாக எழுதியிருக்கிறேன்.

கேட்டதை எழுதிப் பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கத்தில் தேதியையும், யாருக்காக, எதைக் கேட்டீர்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எளிய வேலை போலத் தெரியும், ஆனால் பலருக்கு இந்த இடத்திலேயே கை நின்றுவிடுகிறது. "எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று ஆண்டுக்கணக்கில் ஜெபித்தவருக்கு, அது நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அப்படிப்பட்ட ஜெபம் தவறானதல்ல. அதைப் 'பதில் வராத ஜெபம்' என்ற கணக்கில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான்.

எழுதிய வாக்கியத்தின் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: இது கிடைத்தால் எனக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? மகனுக்கு நெய்வேலியில் வேலை கிடைக்க வேண்டுமென்று ஏழு மாதம் உபவாசம் இருந்த ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டபோது, சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவன் என் கண்ணெதிரில் இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கேட்டது வேலை, அதன் அடியில் கிடந்தது பிரிவைப் பற்றிய பயம். இரண்டையும் வேறுவேறாக எழுதிய பிறகு அவர் இரண்டாவதையும் கடவுளிடம் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

இந்த வேறுபாட்டைத் திருச்சபை வெகு காலமாக அறிந்திருக்கிறது. 383-ஆம் ஆண்டில், பின்னாளில் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பல் ஏற இருந்தபோது, மகன் போய்விடக் கூடாதென்று அவருடைய தாய் மோனிக்கா கடற்கரையருகே இருந்த ஒரு சிற்றாலயத்தில் இரவெல்லாம் அழுது ஜெபித்தார். மகனோ தாயிடம் பொய் சொல்லிவிட்டு அந்த இரவிலேயே கப்பலேறிவிட்டார். ஆனால் அந்தப் பயணந்தான் அவரை மிலானுக்கும், அங்கே ஆயராக இருந்த அம்புரோசிடமும் கொண்டு சேர்த்தது. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த இரவில் தாய் கேட்டதை மறுத்து, மகன் விசுவாசத்துக்கு வர வேண்டுமென்று அவர் எப்போதும் கேட்டுவந்ததைக் கடவுள் கொடுத்தார் என்று பிற்காலத்தில் அகுஸ்தீனே எழுதினார். இந்தக் கதையைப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் வீட்டில் மட்டும் சொல்லாதீர்கள். மோனிக்காவுக்கு மகன் உயிரோடு திரும்பக் கிடைத்தான். எல்லா மறுப்புக்கும் பின்னால் பெரிய கொடை ஒன்று காத்திருக்கிறது என்று வேதம் எங்கும் உறுதி சொல்லவில்லை.

தன்னைச் சோதிப்பதற்கும் ஓர் அளவு உண்டு

வேதம் ஜெபத்துக்குத் தடை சொல்லும் இடங்கள் உண்டு. இச்சைகளை நிறைவேற்றச் செலவழிப்பதற்காகக் கேட்பதைப் பற்றி யாக்கோபு 4-ஆம் அதிகாரம் பேசுகிறது. இரத்தக்கறை படிந்த கைகளை விரித்து ஜெபிப்பவர்களைப் பற்றி ஏசாயா முதல் அதிகாரம் பேசுகிறது. மனைவியை மதிக்காத கணவனின் ஜெபம் தடைபடும் என்கிறது 1 பேதுரு 3:7. (இந்தக் கடைசி வசனத்தின்மேல் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.) ஆகவே ஒரு மாலை தனியே உட்கார்ந்து, யாரோடாவது தீர்க்க வேண்டிய பகை இருக்கிறதா, திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் இருக்கிறதா, கேட்கும் காரியம் இன்னொருவருக்குக் கேடாக முடியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஏதாவது தென்பட்டால் சரிசெய்யுங்கள். தென்படாவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். இந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்தால் போதும். நாள்தோறும் செய்கிறவர் கடைசியில் கடவுளை விட்டுவிட்டுத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சோதனையை மற்றவர்மேல் ஒருபோதும் நடத்தாதீர்கள். ஒரு கூட்டத்தில், குழந்தையை இழந்து மூன்று வாரமே ஆன ஒரு தாயிடம், "உங்கள் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது" என்று ஊழியர் ஒருவர் ஒலிபெருக்கியிலேயே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் அதன் பிறகு எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. போகாததற்கு அவரைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்னார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டது லூக்கா 13-இல் இருக்கிறது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆராதனையில் இருந்தவர்கள் தப்பினார்கள், ஆண்டவர் தம்முடையவர்களைக் காத்தார் என்று பிறகு சிலர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் தப்பியது உண்மை, அதற்கு நன்றி சொன்னதும் முறையே. ஆனால் அதே காலையில் வேளாங்கண்ணிக்குப் பிரார்த்தனைக்கென்றே போயிருந்த பயணிகள் பலரை அதே அலை கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினத்தில் உறவுகளைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று, தப்பியவர்களின் விசுவாசத்தை அளந்து சொல்ல எவருக்கு நாக்கு எழும்?

மறுக்கப்பட்டவர்களோடு பழகுங்கள்

நம் ஜெபக்கூட்டங்களில் அன்னாளுக்குப் பிள்ளை கிடைத்ததைச் சொல்வோம். எலியா ஜெபித்து மழை வந்ததைச் சொல்வோம். அதே எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டான், அது கொடுக்கப்படவில்லை. சாவுக்குப் பதிலாக அப்பமும் தண்ணீரும் உறக்கமும் கிடைத்தன. மறுப்பே இரக்கமாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான இடத்தை நான் காணவில்லை. யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்க வேண்டுமென்று மோசே கெஞ்சியபோது, "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்ற பதில் வந்தது (உபாகமம் 3:26). நோயுற்ற தன் குழந்தைக்காகத் தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தும் குழந்தை இறந்தது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டுமென்று மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற சொல் மட்டும் கிடைத்தது. தன் பயணத் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). ஏன் சுகமாகவில்லை என்று அவர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. நோயாளியின் விசுவாசத்தையும் குறை சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒருவராக இவர்களை வாசியுங்கள். கடைசியில், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்கு வாருங்கள். அங்கே மட்டும் அவசரப்படாமல் தங்குங்கள்.

மாற்கு 14:36-இல் அந்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் "அப்பா பிதாவே" என்ற அழைப்பு. அடுத்து, எல்லாம் உம்மாலே கூடும் என்ற நம்பிக்கை. மூன்றாவதாக, இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று ஒளிவுமறைவில்லாத வேண்டுதல். அதன் பிறகே, என் சித்தமல்ல, உம்முடைய சித்தம் என்ற ஒப்படைப்பு வருகிறது. நாமோ பல நேரம் ஒப்படைப்பை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். கேட்டது கிடைக்காமல் போனால் வருத்தப்படாமல் இருக்க ஒரு காப்பீடு போல, "உமது சித்தமானால்" என்று முதலிலேயே சொல்லி, ஆசையை வாய்க்குள் விழுங்கிவிடுகிறோம். இயேசு தம் ஆசையை விழுங்கவில்லை. மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளையே சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் எடுக்கப்படவில்லை.

பாத்திரம் எடுக்கப்படாமல் போன அந்த ஜெபத்தைப் பற்றி எபிரெயர் 5:7 சொல்வதுதான் எனக்குப் பல ஆண்டுகள் புரியாமல் இருந்தது. அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார், அவருடைய பயபக்தியினிமித்தம் 'கேட்கப்பட்டார்' என்கிறது அது. சிலுவைக்குப் போனவர் எப்படிக் கேட்கப்பட்டார்? நம் மொழியே இதற்குக் கைகொடுக்கிறது. தமிழில் வேண்டுவதற்கும் 'கேள்' என்ற வினைதான். செவிகொடுப்பதற்கும் அதே வினைதான். மகன் கேட்கிறான், தகப்பன் கேட்கிறார். கொடுப்பது என்பது மூன்றாவதாக, தனியே நிற்கும் ஒரு செயல். எங்கள் டப்பாவில் விழுந்த சீட்டு 'ஏன் கேட்கவில்லை' என்றுதான் கேட்டது. அதன் பொருளோ 'ஏன் கொடுக்கவில்லை' என்பது. கொடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் கொடுக்காதவர் செவிகொடுக்கவில்லை என்று முடிவுகட்ட கெத்செமனே இடம் தரவில்லை.

இங்கிருந்துதான் ஜெபம் எதற்கு என்ற கேள்விக்கு வர வேண்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போய்ப் பழகியவர்கள் நாம். மனுவுக்கு ரசீது உண்டு. அது எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிக்கலாம். ஆள் பிடித்து நகர்த்தலாம். ஜெபத்துக்கும் 'விண்ணப்பம்' என்ற அதே சொல்லை வைத்திருப்பதாலோ என்னவோ, வல்லமையான ஊழியரைப் பிடிப்பது, இத்தனை நாள் உபவாசம் என்று கணக்குக் காட்டுவது என்று அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் நாம் வேண்டிக்கொள்ளும் முன்னமே நமக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. அதைச் சொன்ன கையோடு, ஆகையால் ஜெபிக்க வேண்டாம் என்று இயேசு முடிக்கவில்லை, ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பரமண்டல ஜெபத்தில் நாமமும் ராஜ்யமும் சித்தமும் முதலில் வருகின்றன, அப்பம் நடுவில் வருகிறது, அதுவும் அன்றன்றைக்கு உரியது மட்டும்.

சபையில் முழு உறுப்பினராவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த, திருச்சபைச் சீர்திருத்தவாதி லுத்தரின் சிறு ஞானோபதேசம் (1529-இல் எழுதப்பட்ட கேள்வி-பதில் விசுவாசப் பாடநூல்) இதையே நேராகச் சொல்கிறது: நாம் ஜெபிக்காவிட்டாலும் கடவுள் எல்லாருக்கும், தீயவர்களுக்குங்கூட, அன்றாட அப்பத்தைக் கொடுக்கிறார், அதை அவர் கொடை என்று அறிந்து நன்றியோடு பெற்றுக்கொள்ளவே ஜெபிக்கிறோம். பதின்மூன்று வயதில் அதை மதிப்பெண்ணுக்காக ஒப்பித்தேன். தம்பி போன பிறகுதான் பொருளோடு வாசித்தேன். தகவல் தெரிவிப்பதற்காக ஜெபம் ஏற்பட்டதில்லை. ஏற்கெனவே எல்லாம் தெரிந்த பிதாவோடு அந்தக் காரியத்துக்குள் சேர்ந்து இருப்பதற்காக ஏற்பட்டது. கேட்பதும் அதற்குள் அடங்கும், ஏனென்றால் வீட்டுப் பிள்ளை கேட்காமல் இருக்காது.

முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நம் சபைகளில் அவற்றுக்கு இடம் குறைந்துபோயிற்று. வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம் மட்டுமே வர வேண்டும் என்று பழக்கிவிட்டோம். இத்தனைக்கும், இறந்தவரை முறை சொல்லி அழைத்து, "என்னை இப்படி விட்டுட்டுப் போனியே" என்று நேருக்கு நேர் கேட்கும் ஒப்பாரி நம் ஊர்ப் பெண்களின் சொத்து. சங்கீதக்காரனும் அதைத்தான் செய்கிறான்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதுவரைக்கும் என்று நான்கு முறை முறையிட்டு, என்ன வேண்டுமென்று கேட்டு, நம்பிக்கையைச் சொல்லி முடிகிறது. இதே வரிசையில் உங்கள் காரியத்தை நோட்டில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். கோபம் வந்தால் அதையும் எழுதுங்கள். கடைசிப் பகுதியான நம்பிக்கை வரவில்லையென்றால் வரவழைக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதம் அப்படி ஒரு திருப்பமே இல்லாமல், நண்பர்களும் தூரமாகிவிட்டார்கள் என்ற புலம்பலோடே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

எழுதவும் முடியாத நாட்கள் உண்டு. அப்போது உங்கள் காரியத்தை நம்பிக்கையான இருவரிடம் கொடுத்து, ஒரு மாதம் நீங்கள் அதற்காக ஜெபிக்காமல் இருங்கள். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நால்வரின் கதையில் இயேசு கண்டது 'அவர்கள்' விசுவாசம் என்றுதான் மாற்கு சொல்கிறார்; படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று நமக்குச் சொல்லப்படவில்லை.

மருந்தைப் பற்றி ஒரு சொல். ஜிப்மர் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்துக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் சொன்னது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற கைவைத்தியம்.

பொருத்தனையை, அதாவது நேர்ச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். நாங்கள் 'ஜெபம்' என்பதைச் 'செபம்' என்று சொல்லும் எதிர்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம், ஆகஸ்ட் கடைசியில் புதுச்சேரிப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்குக் காவி உடையில் நடந்து போகிறவர்களுக்குச் சாலையோரம் மோர் கொடுக்கும். நானும் போய் நிற்பேன். கொடுத்தால் தருகிறேன் என்ற பேரம் ஜெபத்துக்கு ஆகாது என்பது என் எண்ணம். அதை ஒருமுறை, செம்பை நீட்டிய ஒரு பெரியவரிடம் கொஞ்சம் மிடுக்காகவே சொல்லியும்விட்டேன். அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "கேட்டது கெடைக்கலைங்க. ஆனா வர்றேன்னு சொன்னது சொன்னதுதானே" என்று சொல்லி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் அதிகம் பேசுவதில்லை.

எப்போது நிறுத்துவது, எப்படித் தொடர்வது

வேதத்தில் இரண்டு மாதிரியும் உண்டு. பவுல் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டார்; இயேசு சொன்ன உவமையில் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போன விதவை நிறுத்தவே இல்லை. நான் பின்பற்றும் வழி இது: காரியம் முடிந்துபோயிருந்தால், அதாவது ஆள் இறந்துவிட்டாலோ அந்தத் திருமணம் வேறிடத்தில் நடந்துவிட்டாலோ, கேட்பதை நிறுத்திவிட்டு வேறு ஜெபத்துக்கு மாற வேண்டும். குழந்தை இறந்ததும் தாவீது எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டான். இன்னும் முடிவடையாத காரியமாக இருந்தால் தொடரலாம், ஆனால் நாள்தோறும் அதையே பிடித்து உலுக்க வேண்டியதில்லை. ஆண்டில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று முழு மனதோடு கேளுங்கள். மற்ற நாட்களில் அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, சமையலுக்கும் வேலைக்கும் போங்கள்.

இன்னொருவர் வீட்டில் இந்தத் துயரம் இருந்தால் விளக்கத்தோடு போகாதீர்கள், சோற்றோடு போங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். அந்த வீட்டார் கேட்டால் ஒரு சங்கீதம் வாசியுங்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்பதை அவர்களே என்றாவது சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

சீட்டு எழுதியவர் யாரென்று பிற்பாடு தெரியவந்தது, இன்னும் வருகிறார். அவருடைய சீட்டுகளில் இப்போது ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. அதை வாசிக்கிறோம், சிறிது நேரம் அமைதியாக இருக்கிறோம், அடுத்த சீட்டுக்குப் போகிறோம்.

நோட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஆண்டில் குறித்த அந்த நாளில் வலப்பக்கத்தைத் திறந்து, நடந்தது எதுவாயினும் எழுதுங்கள்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு செய்தி, உங்கள் மனத்தில் வந்த மாற்றம். எதுவும் இல்லையென்றால் தேதியை மட்டும் எழுதி மூடுங்கள். என் தம்பியின் பெயர் உள்ள பக்கத்துக்கு எதிரே பதின்மூன்று டிசம்பர் 30-கள் இருக்கின்றன. ஏழாவதன் பக்கத்தில், 'அவன் மேல் கோபம் இல்லை' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.